வக்கீலிடம் தொழில் யோசனையைச் சொல்லும் முன்: ரகசியம் எங்கே நிற்கும், எங்கே கசியும்

இட்லி மாவை ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு வாரம் புளிக்காமல் வைத்திருக்க நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்கும் முறையும் மனதில் ஓடுகிறது: தெருவுக்குத் தெரு இருக்கும் மாவுக்கடைகளை ஓர் ஆப்பில் இணைத்து, எல்லோரும் ஒரே பெயரில் பாக்கெட் போடுவது. பெயரும் முடிவாகிவிட்டது. இனி கம்பெனி பதிய வேண்டும், பெயரைக் காக்க வேண்டும், கூட்டாளியோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். மூன்றுக்கும் வக்கீல் வேண்டும். அங்கேதான் தயக்கம் வருகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அவர் இன்னொரு கட்சிக்காரரிடம் சொல்லிவிட மாட்டாரா? மச்சானை வைத்து அவரே கடை போட்டுவிட்டால்?

நியாயமான பயம்தான். ஆனால் இந்தப் பயத்தில் மக்கள் நடந்துகொள்ளும் விதம் வேடிக்கையானது. மாமாவிடம் சொல்வார்கள், கல்லூரி வாட்ஸப் குழுவில் போடுவார்கள், ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். சட்டம் வாயைக் கட்டிப்போட்டிருக்கும் ஆளிடம் வந்ததும் ‘ஒரு ஃபுட் ஐட்டம் சார்’ என்று மென்று விழுங்குவார்கள். பாதி சொன்னால் பாதி ஆலோசனைதான் கிடைக்கும். ஃபீஸ் மட்டும் முழுதாகப் போகும்.

இங்கே எழுதியிருப்பது இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் வைத்து. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு அடிப்படை ஒத்துப்போகலாம், பிரிவு எண்கள் ஒத்துப்போகாது.

சட்டம் போட்டிருக்கும் பூட்டு

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 நடைமுறையில் இருக்கிறது. அதன் 132-ஆவது பிரிவுதான் நமக்கு வேண்டியது. பழைய சட்டத்தில் 126, 127 என்று இருந்தவை இதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சாரம் இதுதான்: வக்கீல் என்ற முறையில் அவர் செய்யும் பணியின்போது, அந்தப் பணிக்காக, கட்சிக்காரர் அவரிடம் சொன்னது எதையும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. அவர் பார்த்த ஆவணத்தில் என்ன இருந்தது என்பதையும் சொல்லக் கூடாது, தான் என்ன ஆலோசனை கொடுத்தேன் என்பதையும் சொல்லக் கூடாது. வழக்கு முடிந்தாலும், நீங்கள் வக்கீலை மாற்றிவிட்டாலும் இந்தக் கடமை தொடரும். அவருடைய குமாஸ்தா, ஊழியர்கள், மொழிபெயர்ப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பூட்டின் சாவி உங்களிடம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சம்மதம் கொடுக்க வேண்டியவர் நீங்கள், வக்கீல் அல்ல. 134-ஆவது பிரிவு உங்கள் பக்கத்தையும் காக்கிறது: நீங்களாகச் சாட்சிக் கூண்டில் ஏறினால் ஒழிய, உங்கள் சட்ட ஆலோசகரோடு ரகசியமாகப் பேசியதைச் சொல்லும்படி நீதிமன்றம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இதோடு, வக்கீல்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் நடத்தை விதிகளும் இருக்கின்றன. ரகசியம் காக்கும் கடமையை மீறுவதை ஒரு விதி தனியாகத் தடுக்கிறது. கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று இன்னொன்று சொல்கிறது. மச்சானை வைத்துக் கடை போடும் பயத்துக்கு நேரான பதில் இந்த இரண்டாவது விதிதான். மீறினால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 35-ஆவது பிரிவின் கீழ் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை போடலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம்.

பூட்டுக்கு விதிவிலக்கு உண்டு. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றச் சொன்ன பேச்சுக்குப் பாதுகாப்பு கிடையாது. வக்கீல் பணியை ஏற்ற பிறகு குற்றமோ மோசடியோ நடந்திருப்பதைக் காட்டும் எதையாவது அவர் பணியின்போது கவனித்தாலும் அது பாதுகாப்பில் வராது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ‘போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்’ என்றால் அது ரகசியம். ‘என்னிடம் ஒரு போலிப் பத்திரம் இருக்கிறது, அதை வைத்து இடத்தை மீட்க வழக்குப் போடுங்கள்’ என்றால் அது ரகசியம் இல்லை. புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் இதில் விழும் இடம் பழைய தேதி. ‘கூட்டாளியோடு ஒப்பந்தம் போன வருஷமே போட்டதாகத் தேதி போட்டுக் கொடுங்க சார்’ என்று சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கவே வேண்டாம்.

அவர் உண்மையிலேயே வக்கீலா?

132-ஆவது பிரிவின் பாதுகாப்பு வக்கீல் என்ற பதவிக்கு. பார் கவுன்சிலில் பதிவு செய்து தொழில் நடத்தும் ஆளுக்குத்தான் அது பொருந்தும். சட்டம் படித்தவர், சட்டம் தெரிந்தவர், ‘லீகல் கன்சல்டன்ட்’ என்று பலகை வைத்தவர் எல்லோரும் அதில் வரமாட்டார்கள். எனவே பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணும் ஆண்டும் சேர்ந்து இருக்கும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், லெட்டர்பேடிலேயே பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கம்பெனிப் பதிவு, ஜிஎஸ்டி, டிரேட்மார்க் எல்லாம் ஒரே பேக்கேஜில் முடித்துத் தரும் இணையதளங்களில் இன்னும் கவனம் தேவை. போனை எடுப்பவர் விற்பனைப் பிரிவு ஊழியராக இருப்பார். அவரிடம் நீங்கள் உற்சாகமாக விளக்கும் மாவு ரகசியம் வக்கீலிடம் சொன்னதாகக் கணக்கில் வருவது கடினம். ‘என் வேலையை எந்த வக்கீல் பார்க்கிறார், அவரிடம் நேரே பேச வேண்டும்’ என்று கேட்டு, அவர் லைனில் வந்த பிறகு விவரத்துக்குப் போங்கள்.

நீங்கள் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் சட்டப் பிரிவு நண்பர்? 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: மாதச் சம்பளத்துக்குக் கம்பெனிக்குள் வேலை பார்க்கும் சட்ட அதிகாரிக்கு 132-ஆவது பிரிவின் பாதுகாப்பு இல்லை. அதே தீர்ப்பில், விதிவிலக்குகளுக்குள் வந்தால் தவிர, கட்சிக்காரர் பற்றிய விவரம் கேட்டு விசாரணை அமைப்புகள் வக்கீல்களுக்கு சம்மன் அனுப்பக் கூடாது என்றும், விதிவிலக்கு என்று சொல்லி அனுப்பினாலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பால் வெளியில் தொழில் நடத்தும் வக்கீலிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு கூடியிருக்கிறது.

ஆடிட்டர் விஷயம் தனி. தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்ப வக்கீல் இருக்க மாட்டார், குடும்ப ஆடிட்டர் கட்டாயம் இருப்பார். கட்சிக்காரர் விவரத்தை அனுமதி இல்லாமல் வெளியிடுவது 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். எனவே அவருக்கும் வாய்ப்பூட்டு இருக்கிறது. ஆனால் 132 கிடையாது. நீதிமன்றம் அழைத்துக் கேட்டால் வக்கீலைப் போல ‘சொல்ல மாட்டேன்’ என்று நிற்க அவருக்குச் சட்டத்தில் அதே இடம் இல்லை. கம்பெனி செகரட்டரி, வக்கீலாக இல்லாத பேட்டன்ட் ஏஜென்ட் நிலைமையும் இதுதான். இவர்களிடம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சட்டச் சிக்கல் உள்ள விஷயத்தை முதலில் வக்கீலிடம் பேசிவிட்டு, கணக்கு விஷயத்தை மட்டும் ஆடிட்டரிடம் கொண்டுபோவது நல்லது.

முதல் படி: பேசுவதற்கு முன் அவரை உங்கள் வக்கீலாக்குங்கள்

‘பணியின்போது, பணிக்காக’ என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த வக்கீலிடம் ரசம் வருவதற்குள் சொல்லி முடித்த யோசனை, அவரிடம் வக்கீல் என்ற முறையில் சொன்னதா, விருந்தாளி என்ற முறையில் சொன்னதா? பிறகு தகராறு வந்தால் இந்தக் கேள்விதான் எழும். வக்கீல்–கட்சிக்காரர் உறவு தொடங்கும் முன் பேசியது பாதுகாப்பில் வராது என்று வாதாட இடம் கொடுக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் போன் அழைப்பில் பொருளின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ‘உணவுப் பொருள் தொழில் ஒன்று தொடங்குகிறேன், பதிவுக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆலோசனை வேண்டும், கன்சல்டேஷன் ஃபீஸ் எவ்வளவு?’ அவ்வளவு போதும். அப்புறம் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றில்லை. இப்படி எழுதலாம்:

‘வணக்கம். நேற்று போனில் பேசியபடி, நான் தொடங்கவிருக்கும் தொழில் குறித்து உங்களிடம் வக்கீல் என்ற முறையில் சட்ட ஆலோசனை பெற விரும்புகிறேன். இந்தத் துறையில் எனக்குப் போட்டியாக வரக்கூடிய நிறுவனங்களின் பெயர்கள் கீழே உள்ளன. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு உங்கள் அலுவலகம் வேலை செய்வதால் என் வேலையை ஏற்க முடியாது என்றால், விவரம் எதுவும் வேண்டாம், முடியாது என்று மட்டும் தெரிவித்தால் போதும். ஏற்பதாக இருந்தால், நான் சொல்வதும் கொடுப்பதும் ரகசியமாக வைக்கப்படும் என்பதையும், உங்கள் அலுவலகத்தில் யார் யார் இந்த வேலையைப் பார்ப்பார்கள் என்பதையும் பதிலில் குறிப்பிட வேண்டுகிறேன். அதன் பிறகு விவரங்களுடன் நேரில் வருகிறேன்.’

இந்த ஒரு மின்னஞ்சல் மூன்று வேலை செய்கிறது. உறவு தொடங்கிய தேதியைப் பதிவு செய்கிறது, ரகசியம் எதிர்பார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது, எதிர்த்தரப்புக்கு வேலை செய்பவரிடம் கதையைக் கொட்டும் அபாயத்தை முன்கூட்டியே தடுக்கிறது. ‘முடியாது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்பது முக்கியம். அவருடைய மற்றக் கட்சிக்காரர் யார் என்பதும் ரகசியமாக இருக்கலாம், அதை உங்களிடம் சொல்லும்படி அவரை இக்கட்டில் வைக்கக் கூடாது.

ஃபீஸ் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜிபே-யில் அனுப்பினால் குறிப்பில் ‘சட்ட ஆலோசனை’ என்று எழுதுங்கள். ‘நம்ம பையன், ஃபீஸ் எதுக்கு’ என்று பெரியவர்கள் பெருந்தன்மை காட்டுவது உண்டு. இலவச ஆலோசனைக்குப் பாதுகாப்பு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் ரசீது ஒரு நல்ல சாட்சி.

வக்கீலிடமே என்.டி.ஏ. (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து கேட்கலாமா? கேட்கலாம், சிலர் முகம் சுளிப்பார்கள். சட்டமும் விதியும் ஏற்கெனவே கட்டியிருக்கும்போது அது பெரிதாக எதையும் கூட்டப்போவதில்லை. அந்த மின்னஞ்சலுக்கு அவர் அனுப்பும் பதிலே போதும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு விவகாரத்தில் உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு வாதாடக் கூடாது என்றுதான் பார் கவுன்சில் விதி இருக்கிறது. வேறொரு மாவுக் கம்பெனிக்கு வேறொரு வேலை செய்யக் கூடாது என்று இல்லை. உணவுத் துறையில் பழுத்த வக்கீலுக்குப் பத்து உணவுக் கம்பெனிகள் கட்சிக்காரர்களாக இருப்பது இயல்பு, அந்த அனுபவத்துக்காகத்தான் நீங்களும் அவரிடம் போகிறீர்கள். அதனால்தான் பட்டியலை நீங்களே கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: கூட யார் வருகிறார்கள்?

நம் ஊரில் யாரும் வக்கீலைத் தனியாகப் பார்க்கப் போவதில்லை. அறிமுகம் செய்தவர் கூட வருவார், அவரை வெளியே உட்காரச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் காதில் விழுந்ததை வெளியே சொல்வதை 132 தடுக்காது. மூன்றாம் ஆள் உட்கார்ந்திருக்கும் அறையில் பேசியது ரகசியப் பேச்சுதானா என்ற கேள்வியும் வரும். ‘அண்ணே, நீங்க ஒரு காபி சாப்பிட்டுட்டு இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கூட்டாளி கூட வருவது வேறு சிக்கல். இரண்டு பேரும் சேர்ந்து போய் உட்கார்ந்தால் அவர் யாருடைய வக்கீல்? உங்களுடையவரா, அவருடையவரா, நாளை பதியப்போகும் கம்பெனியுடையவரா? இரண்டு பேரும் கட்சிக்காரர்கள் என்றால், நீங்கள் தனியாக அவரிடம் சொன்னதை உங்கள் கூட்டாளியிடமிருந்து மறைக்கும்படி எதிர்பார்க்க முடியாது. நாளைக்கு உங்களுக்குள் பிணக்கு வந்தால் அவர் ஒரு பக்கம் சேரவும் முடியாது. பங்கு விகிதம், யார் எவ்வளவு பணம் போடுவது, யோசனை யாருடையது என்பவை பேசி முடியாமல் இருக்கும்போது ஒரே வக்கீலிடம் போகாதீர்கள். ஆளுக்கு ஒருவர் வைத்து முடித்துவிட்டு, கம்பெனிக்கு ஒருவரை வையுங்கள். செலவு கூடும்தான். நட்பாகத் தொடங்கும் தொழில்களில் இதை யாரும் கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இடத்தையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தைச் சுற்றி, தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இருக்கும் சேம்பர்கள் பலவற்றில் அறைக்கும் வரவேற்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் கட்சிக்காரர்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். சனிக்கிழமை காலையில் தனி நேரம் கேட்டால் கொடுப்பார்கள். அவருடைய ஜூனியர் உட்கார்ந்து குறிப்பு எடுத்தால் பயப்பட வேண்டாம். வேலையைச் செய்யப்போவது பெரும்பாலும் அவர்தான், அவருக்கும் அதே கட்டுப்பாடு உண்டு.

மூன்றாம் படி: எதை, எப்போது சொல்வது

எல்லா வேலைக்கும் எல்லா ரகசியமும் தேவையில்லை. டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குப் பெயரும், எந்தப் பொருளுக்கு என்பதும் போதும். மாவில் என்ன சேர்க்கிறீர்கள் என்று வக்கீலுக்குத் தெரிய வேண்டியதில்லை. கம்பெனிப் பதிவும் அப்படியே. கூட்டாளி ஒப்பந்தத்துக்கு ‘செய்முறை ஒன்று இருக்கிறது, அது இன்னாருடையது’ என்ற அளவு போதும்.

பேட்டன்ட் என்று வந்தால் கதை தலைகீழ். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை முழுதாக, உங்களுக்குத் தெரிந்த சிறந்த முறையோடு விவரிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. முக்கியமான வெப்பநிலையை மட்டும் மறைத்து வைத்து எழுதிக் கொடுத்தால் அந்த பேட்டன்ட் பின்னால் கவிழும். இங்கே வக்கீலிடம் ஒளிப்பது உங்களுக்கே நஷ்டம்.

அசிங்கமான உண்மைகளையும் சொல்லிவிடுங்கள். பழைய கம்பெனியில் வேலை பார்க்கும்போதுதான் இதைச் சோதித்துப் பார்த்தீர்களா? அங்கே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ‘வேலைக்காலத்தில் கண்டுபிடிப்பது கம்பெனிக்குச் சொந்தம்’ என்று இருக்கிறதா? நண்பர் ஒருவர் பாதிச் செய்முறையைச் சொன்னாரா? போட்டியாளர் என்றாவது ஒரு நாள் கண்டுபிடிக்கப்போவது இவற்றைத்தான். இதைக் கேட்கத்தான் அந்தப் பூட்டே போடப்பட்டிருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றை எழுதி, மேலே ‘ரகசியம் – சட்ட ஆலோசனைக்காகத் தயாரித்தது’ என்று போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். பேச்சில் சொன்னதை விட எழுதிக் கொடுத்ததைப் பின்னால் நிரூபிப்பது எளிது.

நான்காம் படி: காகிதமும் போனும்

வக்கீல் அலுவலகத்துக்கு வெளியே நடப்பதை எந்தப் பிரிவும் காக்காது. நான் ஒருமுறை கூட்டாளி ஒப்பந்தத்தின் வரைவைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். கடைப் பையன் ஃபைலை டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டு எடுத்தான், காசு கொடுத்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் அதே கடைக்குப் போனால் என் ஃபைல் அதே இடத்தில், என் பெயரோடு, இருபது பேருடைய ஆதார் கார்டுக்கு நடுவில் கிடந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சின்ன பிரின்டர்.

அலுவலக மின்னஞ்சலில் இருந்தோ அலுவலக லேப்டாப்பில் இருந்தோ வக்கீலுக்கு எழுதாதீர்கள். முதலாளிக்கு அதைப் பார்க்கும் வசதி இருக்கலாம், நீங்கள் விட்டுப்போகத் திட்டமிடுவதும் அதில்தான் இருக்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் வக்கீல் அனுப்பிய கடிதத்தைப் போட்டு ‘எல்லாரும் படிச்சுப் பாருங்க’ என்பவர்கள் உண்டு. அந்தக் கடிதத்தை வக்கீல் வெளியிட முடியாது. ஆனால் உங்கள் கையால் அதைப் பெற்ற சித்தப்பாவைத் தடுக்க 132-இல் எதுவும் இல்லை. வக்கீலின் கருத்துக் கடிதத்தை முதலீட்டாளருக்கு அனுப்பும் முன்னும் வக்கீலைக் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கென்று தனியாக ஒரு சுருக்கம் எழுதிக் கொடுப்பார்.

ஏஐ சாட்பாட்டில் முழுத் திட்டத்தையும் ஒட்டி ‘இது சட்டப்படி சரியா’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது வக்கீல் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ஐந்தாம் படி: ரகசியம் வேறு, உரிமை வேறு

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். வக்கீலிடம் சொன்னதால் யோசனை உங்களுடையதாகிவிடாது. அவர் வாய் திறக்க மாட்டார், அது மட்டும்தான். நாளைக்கே வேறொருவர் தானாக அதே மாவு ஆப்பைத் தொடங்கினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். எனவே முதல் சந்திப்பிலேயே ‘இதில் எந்தப் பகுதியை எப்படிக் காப்பது’ என்று கேளுங்கள்.

வெறும் யோசனைக்குக் காப்புரிமை (காபிரைட்) கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே சொல்லிவிட்டது. யோசனைக்குக் கொடுத்த வடிவத்துக்குத்தான் காப்புரிமை. கடைகளை ஆப்பில் இணைக்கும் வியாபார முறைக்கு பேட்டன்ட் கிடைக்காது, 1970-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) வியாபார முறைகளையும் வெறும் கணினி நிரல்களையும் ஒதுக்கி வைக்கிறது. ஆப்புக்காக எழுதிய நிரல் வரிகள் (கோட்) காப்புரிமையில் வரும். மாவு கெடாமல் வைக்கும் செய்முறை புதிதாக, துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருந்தால் பேட்டன்டுக்கு வாய்ப்பு உண்டு. நாலு பொருளைக் கலந்தேன், நாலின் குணமும் வந்தது என்பது போதாது, வெறும் கலவையையும் சட்டம் ஏற்பதில்லை. பெயருக்கு டிரேட்மார்க்.

செய்முறைக்கு பேட்டன்ட் எடுப்பதா, ரகசியமாகவே வைத்திருப்பதா என்பது வக்கீலோடு நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி. பேட்டன்ட் 20 வருடப் பாதுகாப்பு தரும். ஆனால் விண்ணப்பித்த 18 மாதத்தில் அது வெளியிடப்படும், உலகமே படிக்கலாம். பாக்கெட்டை வாங்கிச் சோதித்தால் ரகசியம் தெரிந்துவிடும் என்றால் பேட்டன்ட் பக்கம் சாயலாம். தெரியாது என்றால், சமையலறைக் கதவைச் சாத்தி வைப்பதே மலிவு.

பேட்டன்ட் யோசனை இருந்தால் ஒரு கண்டிப்பு: விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டாதீர்கள். வக்கீலிடம் ரகசியமாகச் சொல்வது பொதுவில் வெளியிட்டதாகாது. ஸ்டார்ட்அப் போட்டி மேடையில் ஸ்லைடு போட்டு விளக்குவது வெளியிட்டதாகிவிடும். அரசு அறிவித்த சில கண்காட்சிகளில் காட்டியது, அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான் 12 மாதச் சலுகை உண்டு. மேடை ஏறியே ஆக வேண்டும் என்றால் முன்னதாகத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையத்தில் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், வக்கீல் ஃபீஸ் தனி. முழு விண்ணப்பம் கொடுக்க அதன் பிறகு 12 மாதம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான பேட்டன்ட் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. டிரேட்மார்க்குக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் இணையத்தில் வகுப்பு (பொருள் வகை) ஒன்றுக்கு 4,500 ரூபாய்.

ஆறாம் படி: மற்றவர்களுக்கு என்.டி.ஏ.

வக்கீலுக்குத் தேவைப்படாத என்.டி.ஏ. மற்ற எல்லோருக்கும் தேவை: ஆப் எழுதித் தருபவர், பாக்கெட் அச்சடிப்பவர், மெஷின் செய்து தரும் கோயம்புத்தூர் பட்டறை, முதல் ஊழியர்கள். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவைக் கொடுத்தது. ஒப்பந்தமும், நம்பிக்கை மீறலைத் தடுக்கும் நீதிமன்ற அதிகாரமும்தான் இப்போதைக்குத் துணை.

அந்த அதிகாரம் லேசுப்பட்டதில்லை. கால்நடைத் தீவனம் வளர்க்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதற்கு வெப்பத் தடுப்புப் பலகை வாங்க ஒரு நிறுவனத்திடம் வரைபடங்களைக் கொடுத்தார். அவர்கள் அதே கருவியைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றம், நம்பிக்கையில் கொடுத்த விவரத்தை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. வழக்கின் பெயர் ஜான் ரிச்சர்ட் பிரேடி. உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

என்.டி.ஏ. வரைவை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். ‘சொல்வதெல்லாம் ரகசியம்’ என்று எழுதினால் எதுவும் ரகசியமில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். செய்முறையின் எந்தப் படிகள், எந்தக் கடைகளின் பட்டியல், எந்த விலைக் கணக்கு என்று வகை வகையாகச் சொல்லுங்கள். எத்தனை வருடம், முடிந்ததும் காகிதத்தைத் திருப்பித் தர வேண்டுமா, அவருடைய ஆட்களுக்குச் சொல்லலாமா என்பதை எழுதுங்கள். ‘வேலையை விட்ட பிறகு மூன்று வருடம் மாவுத் தொழிலே செய்யக் கூடாது’ என்று ஊழியரிடம் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் வீண். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. ரகசியத்தைக் காக்கச் சொல்வது வேறு, பிழைப்பைத் தடுப்பது வேறு. உரிய முத்திரைத்தாளில் எழுதுங்கள். முத்திரைக் கட்டணம் குறைந்தால், குறைந்ததையும் அபராதத்தையும் கட்டும்வரை அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

பெரிய முதலீட்டாளர்கள் முதல் சந்திப்பில் என்.டி.ஏ. போட மாட்டார்கள், நூறு பேர் யோசனையைக் கேட்கிறவர்களால் அது முடியாது. அவர்களிடம் என்ன விற்கிறீர்கள், யார் வாங்குவார்கள் என்று சொல்லுங்கள். மாவை எப்படிக் கெடாமல் வைக்கிறீர்கள் என்பது இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்கு.

கசிந்துவிட்டால்

முதலில் அவசரப்பட்டு ஃபேஸ்புக்கில் எழுதாதீர்கள். மிச்சமிருக்கும் ரகசியமும் அதோடு போகும், அவதூறு வழக்கும் வரும். யார் யாரிடம், எந்தத் தேதியில், என்ன சொன்னீர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். நேர்மையாகப் போட்டால் அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும், பாதிப் பெயர்கள் சொந்தக்காரர்களாக இருப்பார்கள்.

உண்மையிலேயே வக்கீல் பக்கம்தான் கசிவு என்று காட்ட முடிந்தால், மாநிலப் பார் கவுன்சிலில் எழுத்தில் புகார் கொடுக்கலாம், அது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். முடிவு திருப்தி இல்லையென்றால் இந்தியப் பார் கவுன்சிலுக்கும், அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. ஆனால் அது அவரைத் தண்டிக்கும் வழி, உங்கள் மாவை மீட்கும் வழி இல்லை. எடுத்துக்கொண்டவர் தொழிலைத் தொடராமல் இருக்க நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க வேண்டும். பேட்டன்ட், டிரேட்மார்க் போன்ற வழக்குகளுக்கென்று சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு தனியாக இருக்கிறது.

தடையுத்தரவு கேட்கும்போது நீதிபதி பார்ப்பது மூன்று: சொன்னது உண்மையிலேயே ரகசியமா, ரகசியம் என்ற சூழலில் சொல்லப்பட்டதா, அனுமதியில்லாமல் பயன்படுத்தப்பட்டதா. தாமதமும் உங்களுக்கு எதிராகப் பேசும், ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவசரத் தடை கேட்டால் என்ன அவசரம் என்பார்கள். அந்த வழக்கை எடுக்கும் புது வக்கீல் முதலில் கேட்கப்போவது நீங்கள் பழையவருக்கு அனுப்பிய அந்த முதல் மின்னஞ்சலையும், தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பையும்தான். புதியவரிடம் அவற்றை நீட்டும் முன், அவருக்கும் அதே மின்னஞ்சலை அனுப்பி ‘ஏற்கிறேன்’ என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.